மொந்தேன் படித்த நூல்கள்

பழைய நூலொன்றை மாணவர் கையிற் கொடுத்து, இஃது உமக்குப் பிடித்திருக்கின்றதா என்று வினவினால் வகுப்பில் ஒருவித மௌனம் உண்டாகும். அந்நூலைப் பற்றி ஆன்றோர் கூறியவற்றையெல்லாம் அவர்கள் தடையின்றி ஒப்புவிப்பார்கள். தமக்குத் தோன்றியதை மாத்திரம் கூறமாட்டார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடஞ் சொல்லிவரும் யானும் பலகாலும் அவ்வாறே நடந்து வந்துள்ளேன். பெருநூல் ஒன்றைப் படிக்கையில் அலுப்புத் தோன்றினால், அவ்வலுப்பை மறைத்தல் அடக்கமென்றும், வெளியிடுதல் செருக்கென்றும் பழக்கப்பட்டவர்கள் யாம். அடக்கமும் குன்றாமல், அலுப்பையும் மறைக்காமல், தாம் படித்த தொன்னூல்களைப் பற்றித் தம் மனத்திற் பட்டதைப் பட்டவாறே எழுதிவைத்த ஒருவர் பிரான்சு தேசத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் மிசேல் டி மொந்தேன். கட்டுரை என்னும் இலக்கிய வகைக்கு ஐரோப்பாவிற் பெயரும் உருவும் கொடுத்தவர் என்று அவரைப் பாடநூல்கள் கூறும். யான் இங்கே கூறப் புகுவது, அவர் எழுதிய வரலாற்றை அன்று, படித்த வரலாற்றை.

மொந்தேன் பிறந்தது 1533ஆம் ஆண்டு பெப்ருவரி 28ஆந் திகதி. போர்டோ நகருக்குக் கிழக்கே, பெரிகோர் நாட்டில், அவர் குடும்பத்துக்கு உரிய மாளிகையும் நிலமும் இருந்தன. பிரபுக் குடும்பமெனினும் தொன்றுதொட்டு வந்த பிரபுத்துவம் அன்று. பாட்டனாரின் தந்தை உப்பிட்ட மீனும் திராட்சை மதுவும் நீலச்சாயமும் விற்றுப் பொருளீட்டி, 1477இல் அந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். தந்தையார் பியேர், இத்தாலிய யுத்தங்களிற் போர்புரிந்து மீண்டவர், பெரிய கல்விமானல்லர், ஆயினும் கல்வியை வழிபடுவோர் போல மதித்தவர். கற்றோர் தம் வீட்டுக்கு வந்தால் தேவதூதர் வந்தாற்போல உபசரிப்பார். இத்தகைய தந்தைமார் எங்கள் நாட்டிலும் இருந்தனர். அவர்கள் விற்ற காணிகளினாலே படித்தவர்கள் பலர்.

மகனின் கல்வியைப் பற்றிப் பலரையும் உசாவிய தந்தையார், பழைய கிரேக்கரும் உரோமரும் அடைந்த அறிவுநிலையைத் தம் காலத்தார் அடையாமைக்குக் காரணம், அம்மொழிகளைப் பயில்வதிலேயே இளமை முழுதும் கழிந்துபோவதுதான் என்று கேள்விப்பட்டார். உடனே ஒரு முடிவு செய்தார். பிரெஞ்சு மொழி ஒரு சொல்லும் அறியாத ஜேர்மானியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, பேசத் தொடங்காத குழந்தையை அவர் கையில் ஒப்படைத்தார். அவர் குழந்தையோடு இலத்தீனிலேயே பேசினார். தாயும் தந்தையும் பணியாட்களும் தாம் அறிந்த நாலு இலத்தீன் சொற்களை வைத்துக்கொண்டே பிள்ளையோடு பேசவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அயற்கிராமங்களிலுள்ள தொழிலாளர் தம் கருவிகளுக்கு வழங்கிய இலத்தீன் பெயர்கள் பல ஆண்டுகளின் பின்னும் அங்கே வழக்கில் இருந்தனவாம். ஆறு வயதுவரை மொந்தேனுக்குத் தாய்மொழி என்பது, வழக்கொழிந்து பல நூற்றாண்டாகிய அந்த மொழிதான். காலையிற் சிறுவனைத் திடுக்கிட எழுப்பினால் மூளைக்குக் கேடு என்று, வாத்தியம் இசைத்துத் துயிலெழுப்பினார்கள் என்பதும் அவ்வீட்டுச் செய்திகளுள் ஒன்று.

இவ்வளவு அருமையாக வளர்த்த பிள்ளையை, ஆறாம் வயதில், ஏனையோர் சொற்கேட்டுப் போர்டோவிலிருந்த கியென் கல்லூரியிற் சேர்த்துவிட்டார் தந்தையார். பிரான்சிலே மிகச் சிறந்ததென அக்காலத்திற் பெயர்பெற்ற கல்லூரி அது. ஸ்கொத்லாந்து தேசத்து இலத்தீன் கவிஞராகிய புக்கனன் அங்கே ஆசிரியராக இருந்தார். எனினும் மொந்தேனின் இலத்தீன் அங்கே நாளுக்குநாள் கெட்டது என்பது அவர் பிற்காலத்திற் கூறிய குறை. பிள்ளைகளின் ஓலமும் ஆசிரியர்களின் சினமுமாகிய ஒலிகளே அக்காலத்துக் கல்லூரிகளிலிருந்து எழுந்தன என்று அவர் எழுதியிருப்பதைப் பிரம்பைக் கையில் எடுத்த ஆசிரியர் எவரும் சற்றே தயங்காமற் படிக்க இயலாது.

அக்கல்லூரியிற் கிடைத்த நன்மை ஒன்றே ஒன்று. ஏழெட்டு வயதில் ஒவிட் என்னும் உரோமக் கவியின் உருமாற்றக் கதைகள் அவர் கையிற் கிடைத்தன. அவருக்கு அது தாய்மொழி நூல். கதையோ பிள்ளைகளை மயக்குவது. ஏனைய விளையாட்டுக்களையெல்லாம் விட்டு ஒதுங்கி அதனைப் படித்தார். அவர் வயதுப் பிள்ளைகள் விரும்பிய வீரக் கதைகளாகிய அமாதிசு முதலியவற்றின் பெயரும் அவர் அறியார். பாடத்திற் கவனம் குறைந்தது. ஒளித்துப் படிக்கும் பழக்கம் வந்தது. இதனை ஆசிரியர் ஒருவர் கண்டுகொண்டார். கண்டும் காணாதவர் போல இருந்துவிட்டார். படிக்கவேண்டிய பாடங்களில் மெல்லென இழுத்துப் பிடித்து, ஒளித்துப் படிப்பதை மாத்திரம் தடுக்காமல் விட்டார். ஒவிட்டின் பின் வேர்சிலின் ஏனீது காவியம், அதன்பின் தெரன்சு, புளோட்டசு என்போரின் நாடகங்கள் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சென்றன. அந்த ஆசிரியர் மாத்திரம் கடிந்து தடுத்திருந்தால், பிரபுக்களின் பிள்ளைகள் பெரும்பாலார் போலவே தாமும் கல்லூரியிலிருந்து புத்தகங்களின்மேல் வெறுப்பொன்றையே கொண்டு வெளியேறியிருப்பார் என்பது மொந்தேனின் துணிபு. கண்டும் காணாதிருத்தல் என்னும் இந்தக் கலையை ஆசிரிய கலாசாலைகளிற் கற்பிப்பாரில்லை. என் மேசையின் கீழே ஒரு காலத்தில் எத்தனையோ கதைப் புத்தகங்கள் பறிமுதலாகிக் கிடந்தன. அவற்றுள் எத்தனை, ஒரு பிள்ளைக்கு ஒவிட்டாக இருந்தனவோ!

கல்லூரிக்குப்பின் சட்டம், சட்டத்துக்குப்பின் போர்டோ உயர்நீதிமன்றத்தில் நீதிபதிப் பதவி. அப்பதவி அவருக்கு உவப்பானதன்று. ஆனால் அங்கேதான் அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய பேறும் மிகப்பெரிய இழப்பும் நேர்ந்தன. எத்தியேன் டி லா பொயெத்தி என்பவர் அதே மன்றத்து நீதிபதி. மொந்தேனிலும் இரண்டு வயதளவு மூத்தவர். கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் துறைபோயவர். இளமையிலேயே, மக்கள் கொடுங்கோலனுக்கு அடங்கிக் கிடப்பது அவர்தம் இசைவினாலேயே என்று காட்டும் நூலொன்றை எழுதியவர். இருவரும் பழகியது ஐந்தாறு ஆண்டுகளே. 1563 ஓகத்து 18ஆந் திகதி, தமது 32ஆம் வயதில், மொந்தேன் அருகிருக்க லா பொயெத்தி இறந்தார். இறக்கும்போது தம் நூல்களையும் எழுத்துக்களையும் நண்பருக்கென்று விட்டுச் சென்றார். மொந்தேனின் நூலகத்துக்கு அடித்தளமாக அமைந்தது இம்முதுசொம். பேசுதற்கு ஒருவர் இருந்தவரையில் அவர் எழுதவில்லை. பேசுவார் இல்லாத பின்னரே எழுதத் தொடங்கினார் என்று அறிஞர் பலர் கருதுவர். எனக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகின்றது. நூல்களைப் பற்றிய அவர் கருத்துக்கள், அரங்கேறிப் பேசுவோன் பேச்சாக இல்லாமல், எதிரே இருக்கும் ஒருவரோடு உரையாடுவதாக இருப்பதன் காரணம் இதுவே போலும்.

1568இல் தந்தையார் காலமானார். 1570இல் மொந்தேன் தம் பதவியை வேறொருவருக்கு விற்றார். அக்காலத்தில் நீதிபதிப் பதவிகள் விற்கவும் வாங்கவும் பட்டன. 1571இல், தமது 38ஆம் பிறந்தநாளில், அரச சேவையில் அலுத்து, எஞ்சிய நாட்களைக் கலைமகளின் மடியிற் கழிப்பதாக இலத்தீனில் ஒரு சாசனம் சுவரிலே எழுதுவித்துத் தம் கோபுரத்திற் புகுந்தார். மாளிகையின் மதிலோடு ஒட்டிய வட்டவடிவமான கோபுரம் அது. அடியிலே வழிபாட்டிடம், அதற்கு மேலே படுக்கையறை, அதற்கும் மேலே நூலகம். அறையின் குறுக்களவு 16 காலடி. வளைந்த சுவரிலே ஐந்து தட்டுக்களாக ஏறக்குறைய 1,000 நூல்கள் அவரைச் சூழ்ந்திருந்தன. இருந்த இடத்திலிருந்தே அவற்றையெல்லாம் ஒருநோக்கில் நோக்கலாம். பலகணிகள் மூன்று. தோட்டமும் கோழி வளவும் முற்றமும் கண்ணுக்குத் தெரியும். தலைக்கு மேலே உத்தரங்களிலும் விட்டங்களிலும் கிரேக்க, இலத்தீன் வாக்கியங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றைத் தீட்டுவித்திருந்தார். அவற்றுட் பெரும்பாலன, மனிதனுக்கு எதனையும் நிச்சயமாக அறிதல் கூடாது என்பதையே வேறுவேறு வகையாகக் கூறுவன. குன்றின் மேலமைந்த வீடாதலாற் காற்றுக் கடுமையாக வீசும். 1885இல் மாளிகை தீக்கிரையாயிற்று. கோபுரம் மாத்திரம் தப்பியது. விட்டங்களில் எழுதியவற்றை இன்றும் அங்கே காணலாம்.

அக்கோபுரத்தில் அவர் படித்த முறை பண்டித முறைக்கு நேர்மாறானது. ஒரு நூலை எடுப்பார், சிறிது புரட்டுவார், வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பார், எழுந்து உலாவுவார். இருந்தபடியே இருந்தால் தம் சிந்தனை உறங்கிவிடுமாம். கடினமான இடம் வந்தால் ஓரிரு தரம் முட்டிப் பார்ப்பார், திறவாவிட்டால் விட்டுவிடுவார். அரித்தோத்திலை வைத்துக்கொண்டு நகங் கடித்தது தமக்கு வழக்கமில்லை என்று அவர் கூசாமல் ஒப்புக்கொள்வார். மகிழ்ச்சியின்றி எதையும் செய்ய அவருக்கு இயலாது.

ஞாபகசக்தி மிகக் குறைவு என்பது அவருடைய ஓயாத முறைப்பாடு. முன்னொருகாற் கருத்தாகப் படித்து ஓரமெல்லாம் குறிப்பெழுதிய நூலையே புதிய நூலென்று எண்ணித் திரும்பவும் எடுத்துப் படித்தது பலமுறை நேர்ந்ததாம். இதற்கு அவர் ஒரு பரிகாரம் கண்டார். ஒரு நூலைப் படித்து முடித்தவுடன், முடித்த திகதியையும், அந்நூலைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் தம் மனத்தில் எழுந்த மதிப்பையும் கடைசி ஏட்டில் எழுதிவைத்தார். மறதிக்குச் செய்த இம்மருந்திலிருந்தே அவருடைய புகழ்பெற்ற கட்டுரைகள் பல முளைத்தன எனலாம். 1580இல், போர்டோ நகரிற் சிமோன் மில்லாஞ்சு என்பவரின் அச்சகத்தில், முதல் இரண்டு பாகங்கள் வெளிவந்தன. அவற்றுக்கு அவர் இட்ட பெயர் எசே என்பது. சோதித்துப் பார்த்தல், முயன்று பார்த்தல் என்பது அதன் பொருள்.

அவற்றின் இரண்டாம் பாகத்துப் பத்தாம் அதிகாரம் நூல்களைப் பற்றியது. அதன் தொடக்கத்திலேயே ஒரு குறும்பு செய்கின்றார். பழைய ஆசிரியர்களின் கருத்துக்களைத் தம் நூலில் எடுத்தாளும்போது பலவிடங்களில் வேண்டுமென்றே அவர்தம் பெயர்களை மறைத்தாராம். ஏன்? உயிரோடிருப்பவனின் நூல் என்றாற் கண்ணை மூடிக்கொண்டு குறைகூறப் பாய்வோர் பலர். அவர்கள் மொந்தேனுக்கென்று ஓங்கிய கை புளூட்டாக்கின் மூக்கிற் படட்டும். மொந்தேனை வைவதாக எண்ணிச் செனெக்காவை வைது வெட்கமடையட்டும் என்பதற்காக. பெயரைப் பார்த்து நூலை மதிப்போர்க்கு இதனினும் நல்ல பரீட்சை வேறு இல்லை.

இனி அவர் கூறிய மதிப்புக்களைப் பார்ப்போம். கவிகளுள் வேர்சில், லுக்ரேசியசு, கட்டுல்லசு, ஒராசு என்னும் நால்வரே முன்வரிசையர். வேர்சிலின் நூல்களிலும், உலகம் போற்றும் ஏனீது காவியத்துக்கு மேலாக, உழவும் கால்நடையும் தேனீ வளர்ப்பும் கூறும் வேளாண்மைப் பாட்டாகிய ஜோர்ஜிக்சு என்பதையே கவிதைத் தொழிலில் நிறைவெய்தியது என்கின்றார். ஏனீதிலே, கவிக்கு அவகாசம் கிடைத்திருந்தால் இன்னும் ஒருமுறை சீப்பிட்டு வாரியிருப்பார் என்று சொல்லத்தக்க இடங்கள் உள என்பது அவர் எண்ணம். வேர்சில் அக்காவியத்தை முடிவுறத் திருத்தாமலே இறந்தார் என்பதை நினைத்தால் இது துடுக்கன்று, நுட்பம் என்பது புலனாகும். லுக்ரேசியசை வேர்சிலோடு ஒப்பிடுவோரைக் கண்டால் அவருக்குச் சினம். ஆயினும், லுக்ரேசியசின் அழகிய பகுதியொன்று கையில் இருக்கும்போது அச்சினத்தைக் காத்துக்கொள்வது தமக்கே கடினமாகிவிடுகின்றது என்று உடனே ஒப்புக்கொள்கின்றார். அரியோஸ்தோ என்னும் இத்தாலியக் கவியை வேர்சிலோடு ஒப்பிடுவோர்க்கு அத்தகைய இரக்கமும் இல்லை. தெரன்சின் நாடகங்களை எத்தனை முறை எடுத்தாலும் புதியதோர் அழகு தோன்றுகின்றது என்கின்றார். பிள்ளைப் பருவத்தில் தம்மை ஆட்கொண்ட ஒவிட்டோ இப்போது தம்மைக் கவர்வதில்லை என்று வருத்தத்தோடு கூறுகின்றார். வயது, நூலை மாற்றுவதில்லை; வாசகனை மாற்றிவிடுகின்றது.

உரைநடையில் அவருடைய இரு கண்கள் புளூட்டாக்கும் செனெக்காவும். முன்னவர் கிரேக்கர், கிரேக்க அறிவு தமக்கு மிகக் குறைவு என்று வெளிப்படையாகக் கூறும் மொந்தேன், அமியோ என்பவர் பிரெஞ்சிற் பெயர்த்த நூல் வழியாகவே அவரை அறிந்தார். செனெக்கா நம்மைச் சூடேற்றி எழுப்புவார். புளூட்டாக் மனநிறைவு தந்து வழிநடத்துவார். ஒருவரிடம் கூரிய சொற்கள் மிகுதி. மற்றவரிடம் பொருள் மிகுதி. இருவரும் துண்டுதுண்டாகப் படிக்கத்தக்கவர்கள் என்பது, நெடிய உழைப்புக்கு அஞ்சும் தமக்குப் பெரிய வசதி என்று வேறு சொல்லிக்கொள்கின்றார்.

சிசரோவிடம் வரும்போதுதான் அக்காலத்துப் பண்டிதர்கள் திடுக்கிட்டிருப்பர். இலத்தீன் உரைநடைக்குச் சிசரோவே இலக்கணம் என்றிருந்த காலம் அது. அவர் பயன்படுத்தாத சொல்லைப் பயன்படுத்துதல் ஆகாது என்று வாதித்தோரும் இருந்தனர். மொந்தேன் சிசரோவின் சொல்வன்மைக்கு ஈடில்லை என்று முதலிற் கூறிவிட்டு, அவருடைய மெய்யியல் நூல்கள் தமக்கு அலுப்பைத் தருகின்றன என்கின்றார். முகவுரை, வரைவிலக்கணம், பகுப்பு, சொல்லாராய்ச்சி என்றிவற்றிலேயே நூலின் பெரும்பாகம் கழிந்துவிடுகின்றது. ஒருமணி நேரம் படித்தபின் என்ன கிடைத்தது என்று பார்த்தால், தமக்குப் பெரும்பாலும் காற்றுத்தான் கிடைக்கின்றது என்கின்றார். தமக்கு வேண்டியது நேரே பொருளுக்குட் புகுதல். மரணம் என்றால் என்னவென்றும் இன்பம் என்றால் என்னவென்றும் எவரும் வகுத்துரைக்க வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. வரைவிலக்கணமின்றிப் பாடந் தொடங்க அறியாத என் போன்றோர்க்கு இப்பகுதி சற்றே உறுத்தும். உறுத்தினாலும், மறுத்துரைக்க நா எழவில்லை.

இனிக் கூறப்போவதே இவ்வதிகாரத்தில் என் நெஞ்சைத் தொட்ட இடம். பிளேட்டோவின் உரையாடல்கள் இழுபடுகின்றன என்று கூறும் துணிவை மன்னிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் மொந்தேன், அவர் பெயரால் வழங்கிய அக்சியோக்கசு என்னும் சிறிய உரையாடலைப் படிக்கின்றார். மரணப் படுக்கையிற் கிடக்கும் ஒருவனுக்குச் சோக்கிரதர் ஆறுதல் கூறுவதாக அமைந்தது அது. மொந்தேனுக்கு அது பிடிக்கவில்லை. வலியற்ற நூலாகத் தோன்றுகின்றது. அவர் அதனை எழுதிவிடுகின்றார். ஆனால் உடனே, இத்துணைப் பெரிய ஆசிரியரின் நூலைப் பற்றித் தம் அறிவு இவ்வாறு கூறுவதைத் தாமே நம்பவில்லை என்கின்றார். தொன்மையான பெரியோர் பலரின் தீர்ப்புக்கு எதிராகத் தம் தீர்ப்பை நிறுத்தும் அளவுக்குத் தாம் அறிவிலி அல்லர். மேற்பட்டையோடு நின்று உள்ளே புகாமல் விட்டேனோ, வெளிச்சம் பொருந்தாத பக்கமிருந்து பார்த்தேனோ என்று தம்மேலேயே குற்றத்தைச் சுமத்திக்கொள்கின்றார்.

அந்நூல் பிளேட்டோவினது அன்று. பழங்காலத்திலேயே அதன்மேல் ஐயம் இருந்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் அது வேறொருவர் செய்தது என்று துணிந்துவிட்டனர். பெருமைமிக்க பெயரொன்று நூலின் தலையில் இருந்தும், இதில் உயிரில்லை என்று மொந்தேனின் நாக்குச் சுவையறிந்து கூறிவிட்டது. மொந்தேன்தான் தம் நாக்கை நம்பவில்லை. ஆயினும் தமக்குப் பிடித்ததாக அவர் நடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதையும் எழுதினார். என் பிழையாகவும் இருக்கலாம் என்பதையும் எழுதினார். இரண்டையும் ஒருங்கே எழுதும் துணிவு எங்களிற் பலருக்கு வாய்ப்பதில்லை. முன்னதை எழுதுவோர் பின்னதை மறப்பர். பின்னதை உணர்ந்தோர் முன்னதை விழுங்கிவிடுவர். யான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். தாம் கூறும் மதிப்புக்கள் நூல்களின் அளவைக் காட்டுவன அல்ல, தம் பார்வையின் அளவையே காட்டுவன என்று மொந்தேன் கூறுவதை இவ்விடத்தோடு சேர்த்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

சரித்திர நூல்களே தமக்கு மிக எளிதிற் கைவரும் பந்து என்பார். சரித்திரகாரரை அவர் பகுக்கும் முறை ஆசிரியர்களுக்குப் பயன்படும். தம்முடையதென்று ஒன்றையும் கலவாமல், கேட்டதையெல்லாம் நேர்மையாகக் குவித்துவைக்கும் எளிய சரித்திரகாரர் நல்லவர், புருவாசார் அத்தகையர். அறியத்தக்கதைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் பெற்ற பேரறிஞரும் நல்லவர். இவ்விருவர்க்கும் இடையிலுள்ளோரே எல்லாவற்றையும் கெடுப்போர். அவர்கள் உணவை நமக்காக மென்று தர விரும்புகின்றனர். தம் கோணலுக்கு ஏற்பச் சரித்திரத்தையும் கோணச் செய்கின்றனர். சீசரை அவர் மனிதர் நூல்களைப் படிக்கும் அளவுக்கு மேலான மரியாதையோடு படித்தார். ஆயினும் தம் தீய நோக்கத்தை மூடச் சீசர் பூசிய வர்ணத்தைக் காணத் தவறவில்லை. குவிச்சார்தினி என்னும் இத்தாலியச் சரித்திரகாரரின் நூலின் கடைசி ஏட்டில் அவர் எழுதிவைத்த குறிப்பு மிகக் கூரியது. எண்ணிறந்த மனிதரையும் செயல்களையும் பற்றித் தீர்ப்புக் கூறும் இவ்வாசிரியர், ஒரு செயலையேனும் அறத்தாலோ சமயப் பற்றாலோ மனச்சாட்சியாலோ நிகழ்ந்ததாகக் கூறவில்லை. எல்லாம் தீய நோக்கமோ இலாபமோ ஆகவே முடிகின்றன. அத்தனை செயல்களுள் ஒன்றாவது நல்ல வழியாற் பிறந்திராது என்று நம்புதல் அரிது. ஆதலால் இவர் பிறரைத் தம்மை வைத்தே அளந்தார் போலும் என்று மொந்தேன் ஐயுறுகின்றார்.

இவற்றையெல்லாம் அவர் எழுதிய காலத்தை மறந்துவிடலாகாது. 1562இல் தொடங்கிய சமயப் போர்கள் பிரான்சைச் சிதைத்துக்கொண்டிருந்தன. 1572இற் பாரிசு நகரிலே தொடங்கிய புரட்டஸ்தாந்தர் படுகொலை சில வாரங்களிற் போர்டோவையும் அடைந்தது. ஒரே வேதாகமத்தை இருவகையாகப் படித்தோர் ஒருவரையொருவர் கொன்றனர். கத்தோலிக்கராகவே வாழ்ந்து இறந்த மொந்தேனின் உடன்பிறந்தாருள்ளேயே புரட்டஸ்தாந்த மதத்தைத் தழுவினோரும் இருந்தனர். ஒரு நூலைப் பற்றித் தாம் கொண்ட கருத்தைப் பிறர்மேற் சட்டமாகச் சுமத்தாமை அந்நாட்களில் வெறும் இலக்கியப் பண்பு அன்று. நண்பர் லா பொயெத்தியின் நூலைத் தம் கட்டுரைகளின் நடுவே பதிப்பிக்க எண்ணியிருந்தவர், கலகக்காரர் அதனைத் தம் கட்சிக்கு ஆயுதமாக அச்சிட்டுவிட்டமை கண்டு, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். நண்பருக்கென்று ஒதுக்கிய இடம் வெறுமையாயிற்று.

கல்லடைப்பு நோயால் வருந்திய அவர் 1580இல் மருந்து நீரூற்றுக்களைத் தேடி, ஜேர்மன் நாடுகள் வழியாக இத்தாலிக்குச் சென்றார். உரோமாபுரி வாயிலில் அதிகாரிகள் அவருடைய புத்தகங்களையெல்லாம் சோதனைக்கென எடுத்துக்கொண்டனர். அவற்றுள் அவர் எழுதிய நூலும் ஒன்று. பல நாட்களின் பின், விதி என்னும் சொல்லை மிகுதியாக வழங்கியது, திருச்சபைக் கொள்கைக்கு மாறுபட்ட பதிதக் கவிகளை எடுத்தாண்டது, கிறித்தவத்தைத் துறந்த யூலியன் மன்னனுக்குப் பரிந்து பேசியது என்று சில குறைகள் கூறப்பட்டன. திருத்துவதை அவருடைய மனச்சாட்சிக்கே விட்டுவிட்டனர். அவரும் ஏறக்குறைய ஒன்றையும் திருத்தவில்லை. அந்நூலைத் திருச்சபை தடைப்பட்டியலிற் சேர்த்தது 1676இலே, அவர் இறந்து 84 ஆண்டுகளின் பின்.

1581இல் வத்திக்கான் நூலகத்தைக் கண்டார். வேர்சிலின் பழைய கையெழுத்துப் பிரதியும் செனெக்கா, புளூட்டாக் என்போரின் பிரதிகளும் அவருக்குக் காட்டப்பட்டன. வாழ்நாள் முழுதும் கூடியிருந்த நண்பர்களின் முன்னோரைக் கண்டது போல அவர்க்கு இருந்திருக்கும். அந்நகரிலேயே, ஒரு விருந்தில், தம் பழைய கல்லூரி ஆசிரியர் முரேயைச் சந்தித்தார். பேச்சு அமியோவின் புளூட்டாக் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுந்தது. மொந்தேன் அதனைப் பெரிதும் ஆதரித்துப் பேசினார். முரேயும் பிறரும் மூலத்தை எடுத்துக்காட்டி, மொழிபெயர்ப்பாளர் தவறிய இடங்களைக் காட்டினர். மொந்தேன் அவர்கள் கூறியதை ஏற்றுக்கொண்டு, அதனைத் தம் பயணக் குறிப்பிலும் பதிந்துவைத்தார். இருந்தும் அமியோவை அவர் கைவிடவில்லை.

இத்தாலியில் இருக்கும்போதே போர்டோவின் நகரபிதாவாகத் தெரிவு செய்யப்பட்டார். இருமுறையாக 1585 வரை அப்பதவியை வகித்தார். அதன்பின் கொள்ளைநோயும் போரும் அவரைக் குடும்பத்தோடு வீட்டைவிட்டுத் துரத்தின. மீண்டு வந்து திரும்பவும் கோபுரத்தில் ஏறினார். 1588இல் மூன்றாம் பாகம் வெளிவந்தது. முன்னைய பாகங்களிலும் நூற்றுக்கணக்கான புதிய பகுதிகளைச் சேர்த்திருந்தார். எல்லாமாக 107 அதிகாரங்கள். நூல்களுக்கு உரையும் உரைக்கு உரையும் பெருகிவிட்டன, வேறெப்பொருள் பற்றியும் எழுதுவதினும் நூல்களைப் பற்றியே நூல்கள் மிகுதியாக எழுதப்படுகின்றன என்று அவர் முறையிடுவது இம்மூன்றாம் பாகத்திலேதான்.

அச்சான 1588ஆம் ஆண்டுப் பதிப்பொன்றை முன்வைத்துக்கொண்டு, இறக்கும்வரை அதன் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். இவ்விடத்தில் ஒரு வியப்பு. அவ்வோரங்களில் அவர் புதிதாகச் சேர்த்த மேற்கோள்களுட் பெருந்தொகையானவை சிசரோவின் மெய்யியல் நூல்களிலிருந்து வந்தவை. காற்று என்று ஒதுக்கிய ஆசிரியரை முதுமையிலே திரும்ப எடுத்துக் கருத்தூன்றிப் படித்திருக்கின்றார். அதற்காக, முன் எழுதிய குறையை அவர் அழித்தாரோ என்றால், இல்லை. அந்த வசையும் அங்கேயே இருக்கின்றது. இந்த மேற்கோள்களும் இருக்கின்றன. நாற்பத்தைந்து வயதில் அலுத்தவரும் மொந்தேன்தான். ஐம்பத்தைந்தில் நாடியவரும் மொந்தேன்தான். ஒருவருக்காக மற்றவரை அழிக்க அவர் ஒருப்படவில்லை. நூலிற் சேர்ப்பேன், திருத்தேன் என்பதே அவர் கொள்கை.

1592ஆம் ஆண்டு செப்தெம்பர் 13ஆந் திகதி அவர் இறந்தார். அவரைத் தந்தையாகக் கருதிய மாரி டி கூர்னே என்னும் கல்விமாது, விரிவாக்கிய பதிப்பை 1595இல் வெளியிட்டார். 1603இற் புளோரியோ அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். சேக்சுபியரின் புயல் என்னும் நாடகத்தில் அம்மொழிபெயர்ப்பின் சுவடு தெரிகின்றது. மொந்தேன் கைப்பட எழுதிய பிரதி இன்றும் போர்டோ நகர நூலகத்தில் உளது. பிற்காலத்திற் புத்தகங் கட்டிய ஒருவன், விளிம்பை ஒழுங்காக வெட்டுகின்றேன் என்று, அவர் கையெழுத்திற் சிலவற்றையும் சேர்த்து வெட்டிவிட்டான்.

கோபுரத்து நூல்கள் சிதறிப்போயின. ஆயிரத்தில் ஏறக்குறைய நூறுதான் அவருடையனவென்று இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுளொன்று 1563இற் பாரிசில் அச்சிட்ட லுக்ரேசியசு. மொந்தேனின் கையொப்பத்தின் மேலே பின்னொருவர் தம் பெயரை எழுதிவிட்டமையால், அது நெடுங்காலம் அடையாளம் தெரியாமற் கிடந்து, 1989இலேதான் வெளிப்பட்டது. இப்பொழுது கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது. இலத்தீனிலும் பிரெஞ்சிலும் நெருக்கமாக எழுதிய குறிப்புக்கள் அதிலே நிறைந்துள்ளன. படித்து முடித்த திகதி 1564 ஒற்றோபர் 16 என்று அவர் குறித்திருக்கின்றார். நண்பர் இறந்து ஓராண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன; மொந்தேனுக்கு வயது 31. அணுக்கள் கூடியும் பிரிந்தும் உலகைப் படைக்கின்றன என்று லுக்ரேசியசு கூறும் பகுதிக்கு அவர் எழுதிய குறிப்பொன்றில், அணுக்களின் இயக்கம் இத்துணைப் பலவாறாக இருத்தலால், அவை முன்னொருகால் இவ்வாறே கூடியிருத்தலும், இனியொருகாற் கூடி இன்னொரு மொந்தேன் பிறத்தலும் நம்பத்தகாதனவல்ல என்று எழுதி வைத்திருக்கின்றார்.